ஆத்தா காட்டிய வெள்ளை

எல்லையம்மா கோயில் வாசலில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றும் அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். எனக்கு நடந்ததை எல்லோருக்கும் சொல்லச் சொன்னீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

சென்ற ஆடியில் எனக்கு முப்பது வயது முடிந்தது. அடுத்த வாரமே, சுகாதார நிலையத்திலிருந்து வீடு வீடாக வரும் அக்கா ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது தாண்டிய பெண்களுக்கெல்லாம் கொடுக்கும் சீட்டுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்று நான்கு வரி இருந்தது. ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனால் போதும். எனக்கு நோய் எதுவும் இல்லை. வலி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து நான் நோயாளி ஆகிவிட்டேன்.

நான் செய்யும் வேலையைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எண்ணூர் பக்கம் இரும்புக் குழாயும் தொட்டியும் செய்யும் ஒரு யார்டில் வெல்டிங்கைப் பரிசோதிப்பவள் நான். டிப்ளமோ முடித்து, இதற்கென்று தனியாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். குழாயிலோ தொட்டியிலோ பற்றவைத்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். முதலில் சிவப்புச் சாயம் அடிப்போம். ஊற விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடி தெளிப்போம். விரிசல் இருந்தால், உள்ளே போன சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாகக் கசியும். வெள்ளை வெள்ளையாகவே நின்றால் நல்ல வெல்டு. ஒன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

இப்படித் தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு ஒரு பரிசோதனைக்குப் போக ஏன் இவ்வளவு பயம்? இதை நானே பல நாள் யோசித்தேன். தேடினால் ஏதாவது அகப்படும் என்பது எனக்குத் தெரியும். என் பயமே அதுதான். யாரும் பார்க்காதவரை எல்லா வெல்டும் நல்ல வெல்டுதான். என் உடம்பையும் அப்படியே யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

எனக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஒரு நோட்டில் உடம்பைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். தேதி, இடம், எப்படி இருந்தது, எவ்வளவு நேரம். இடது தோளில் சுருக். அடிவயிற்றில் கனம். தலை லேசாகச் சுற்றல். மூன்று வாரத்தில் நாற்பத்தோரு பதிவுகள். அதில் பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தன. வேலை இல்லாத நாளில்தான் எனக்கு அதிக நோய் வந்திருக்கிறது! அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் என்ன சாப்பிடுகிறேன் என்று இன்னொரு பட்டியல் போட்டேன்.

செவ்வாய்க்கிழமைகள் போய்க்கொண்டே இருந்தன. முதல் வாரம் யார்டில் ஆய்வு. இரண்டாவது வாரம் மழை. மூன்றாவது வாரம் என் கணவர் எழுப்பியும் எழவில்லை. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். "நான் வேணா லீவு போட்டுட்டுக் கூட வரேன்" என்றார். அதற்கும் ஒரு காரணம் சொல்லித் தட்டிவிட்டேன்.

இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னியம்மா. விடியற்காலை காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து வந்து, திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் போட்டு விற்பவள். வயது நாற்பத்தெட்டு. அவளுக்கு அந்தச் சீட்டு வருடா வருடம் வருகிறது. ஒருமுறையும் போனதில்லை. ஒரு வருடத்துச் சீட்டில் வெற்றிலை மடித்து வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த முறை என் சீட்டைப் பார்த்ததும் ஒரு வார்த்தை சொன்னாள்.

"நீ போற அன்னிக்கி சொல்லு, நானும் வரேன். தனியா எல்லாம் என்னால போவ முடியாது."

ஆக, நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு செவ்வாயும் அம்மாவுடைய செவ்வாயும்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆவணி மாதம் நம் கோயிலில் பூ கேட்டேன். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் வெளியே தெரியாமல் கட்டி, ஆத்தாளின் காலடியில் வைப்போம். மனதில் கேட்டுக்கொண்டு நிற்போம். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் நல்ல வாக்கு. கல்யாணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் படகு வாங்குவதற்கும் கேட்பார்கள். நான் கேட்டது, "எனக்கு ஒன்றும் இல்லைதானே, ஆத்தா?" இரண்டுக்கும் அரளியே வாங்கினேன். ஒரே மாதிரிப் பூவாக இருந்தால் தொட்டுப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது அல்லவா? அந்த அளவுக்கு என் புத்தி வேலை செய்தது.

வெள்ளை வந்தது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். இனி பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை என்றும் சொன்னேன். அவளுக்கும் சந்தோஷம். "ஆத்தாவே சொல்ட்டா. அப்பால இன்னா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் தோளில் மறுபடியும் சுருக். மறுபடியும் பூ கேட்டேன். சிவப்பு வந்தது. அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் வெள்ளை. அதற்கடுத்த நாள் சிவப்பு. நோட்டில் இரண்டுக்கு இரண்டு என்று எழுதிவிட்டு அழுதேன்.

ஐந்தாவது தடவை பூ வாங்கப் போனபோது கோயில் வாசலில் பூ விற்கும் தேவி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, தெனம் வெள்ளை ரெண்டு, செவப்பு ரெண்டு வாங்கிகினு போறே. ஆத்தாவை இண்டர்வியூ எடுத்துகினு கீறியா?"

"ஒரு சந்தேகம்க்கா."

"சந்தேகம் யாரு மேல? அவ மேலயா?"

பூவை வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு இலையில் கட்டவில்லை. சும்மா காலடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு யார்டில் ஆறுமுகம் அண்ணன் போட்ட வெல்டில் ஒரு சிவப்புக் கோடு வந்தது. அவர் நல்ல வெல்டர், அனுபவசாலி. குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"பொடி சரியா வுழலம்மா. இன்னொரு தபா அடிச்சிப் பாரேன்."

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அதே கோடு.

"இன்னும் ஒரே தபா. எனக்காவ."

"அண்ணே, நல்லா வர்ற வரைக்கும் அடிச்சிகினே இருந்தா அதுக்குப் பேரு டெஸ்ட் இல்லண்ணே."

"பின்ன அதுக்குப் பேரு இன்னாவாம்?"

"பயம்."

அவர் சிரித்துவிட்டார். "யாருக்கு? எனக்கா, உனக்கா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். நான் கையில் டப்பாவோடு அப்படியே நின்றுவிட்டேன். அவர் கிரைண்டரை எடுத்து அந்த இடத்தைத் தோண்டினார். விரிசல் மேலோடுதான் இருந்தது. மறுபடி பற்றவைத்தார். ஆறட்டும் என்று விட்டு, நான் மறுபடி பார்த்தேன். சுத்தம். ஒன்பது வருடத்தில் எத்தனை சிவப்புக் கோடுகளைக் கண்டுபிடித்திருப்பேன்! கோடு போட்டுக் குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நின்று பார்த்தது அன்றைக்குத்தான். பெரும்பாலும் அரை நாள் வேலை, அவ்வளவுதான். சீக்கிரம் கண்டுபிடித்தால்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது வேறு மாதிரி வேண்டிக்கொண்டேன். "ஆத்தா, எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்லி உன்னைத் தொந்தரவு செய்தேன், மன்னித்துவிடு. யார்டில் ஒரு வெல்டைப் பார்க்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கும். அந்த ஆசையை என் உடம்பின் மேலும் கொடு." இதுதான் என் வேண்டுதல். வேறு எதுவும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு உள்ளே போய்ப் படுத்ததும், நர்சம்மா தட்டில் வைத்திருந்த ஒரு பாட்டிலைப் பார்த்தேன். அதில் என்ன இருக்கும் என்று யோசித்தேன். அப்படியே கேட்டும்விட்டேன்.

"வினிகர் மாதிரிதான். தடவிட்டு ஒரு நிமிஷம் காத்திருப்போம். சந்தேகமான இடம் இருந்தா அது வெள்ளையா மாறும்."

"வெள்ளையாவா? எங்க வேலையில சிவப்பா வந்தாதான் கோளாறு. ஏன் வெள்ளையாகுது? ஏன் ஒரு நிமிஷம்? முன்னாடியே பார்த்தா தெரியாதா?"

அவர் சிரித்தார். என்னைவிடச் சின்னவர்தான். "எல்லாரும் கண்ண இறுக்கி மூடிக்குவாங்க. நீங்க என்னம்மா, எனக்கே பரீட்சை வைக்கிறீங்க?" சிரித்துக்கொண்டே, தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஒரு நிமிடம் போனதே எனக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் மாறலம்மா. நல்லா இருக்கு. அடுத்து எப்ப வரணும்னு எழுதித் தரேன்" என்றார்.

அந்தப் படுக்கையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் கேட்டதை ஆத்தா கொடுத்துவிட்டாள். ஆனால் எதற்காகக் கொடுத்தாள் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அடியே, எனக்கு வெள்ளை வந்துச்சிடி! அந்த நர்சம்மா வாயாலயே சொன்னாங்க. ஆத்தா நம்மளக் கைவுட மாட்டா."

கையில் ஒரு சீட்டு இருந்தது. "பெரியாஸ்பத்திரிக்குப் போவணுமாம். சும்மா எல்லாருக்கும் எழுதிக் குடுக்கறது" என்று அதை மடித்துச் சுருக்குப்பைக்குள் போட்டாள்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் அம்மாவின் சந்தோஷத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இடத்தில் வெள்ளைக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் அந்தச் சீட்டைப் பார்க்காதது போல அவளோடு வீட்டுக்கு நடந்திருப்பேன். அன்றைக்கு எனக்குக் கேள்விகள் வந்தன. எவ்வளவு பெரிய இடம்? ஓரம் தெளிவாக இருக்கிறதா? வேறு எதனால் இப்படி ஆகும்? எழுந்து உள்ளே போய் நர்சம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"வெள்ளையானா கேன்சர்னு அர்த்தம் இல்லம்மா. புண்ணு இருந்தாலும் ஆகும். அங்க லென்ஸ் வச்சுப் பெருசாக்கிப் பார்த்துச் சொல்லுவாங்க. ஆனா பார்க்காம விட்டுடாதீங்க. உங்க அம்மாகிட்ட சொன்னேன், அவங்க என் கையப் புடிச்சு முத்தம் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விவரம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெள்ளை வந்தப்புறம் மறுபடி போய்ப் பாருன்னா இன்னா அர்த்தம்? ஆத்தாவை நம்பலன்னு அர்த்தம். நீதான் நாலு தபா பூ கேட்டு அவளைப் பேஜார் பண்ணே. என்னையும் அப்டிப் பண்ணச் சொல்றியா?"

வெள்ளை வந்தால் பரிசோதனையே வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னது நான்தானே? அந்தச் செவ்வாயும் புதனும் என் உடம்பில் ஒரு சுருக்கும் இல்லை. நோட்டைத் திறக்கவே இல்லை. விளக்கின் முன்னால் உட்கார்ந்து, "அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்கு ஒரு வார்த்தை கொடு" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் அவள் கடையில் நின்றேன். ஒரு அம்மா சங்கரா மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா கத்தி முனையால் செவுளைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரும்மா, ரத்தமா கீது. இந்தச் செவப்பு இன்னிக்கு வேற எவகிட்டயாவது இருந்தா சொல்லு, நான் கடையை எடுத்துடறேன்."

அவர் வாங்கிக்கொண்டு போனதும் கேட்டேன். "ஏம்மா, செவுள் வெள்ளையா இருந்தா?"

"வெளுத்த செவுளை எவ வாங்குவா? ஐஸ்லயே நாளு கணக்கா கெடந்ததா இருக்கும்."

"கோயில்ல வெள்ளை நல்லது. மீன்ல வெள்ளை கெட்டதா?"

"பூவு வேற, மீனு வேற. இது கூடவா தெரியாது? படிச்சவளாம்."

"அப்ப ஆஸ்பத்திரில வெள்ளைன்னா?"

கத்தி நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அடுத்த மீனை எடுத்துச் செதில் தேய்த்தாள், வயிற்றைக் கீறினாள், கழுவினாள். முழு மீனையும் முடித்த பிறகுதான் பேசினாள்.

"அந்த நர்சம்மா வெள்ளைன்னு சொன்னப்போ சிரிக்கலடி. நாந்தான் சிரிச்சேன்."

கத்தியைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டாள். "எப்ப போவணும்?"

பெரியாஸ்பத்திரியில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். சின்னதாக ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். என் வாழ்க்கையில் மிக நீளமான இரண்டு வாரம் அது. அந்த நாட்களில் நான் பூ கேட்கவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், தினம் விளக்கு வைத்தேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். பதினான்கு கேள்விகள். அழுகை வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தபோதெல்லாம் இன்னொரு கேள்வி எழுதினேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். இது புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி மாறக்கூடியது. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் வைத்து எடுப்பார்கள் என்றதும், நான் கம்பியின் கனத்தைக் கேட்டேன். டாக்டரம்மா கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். அம்மாதான் முந்திக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்க டாக்டரம்மா. இரும்பு கம்பெனில வேலை. எதைப் பார்த்தாலும் கேப்பா."

புரட்டாசியில் அது முடிந்தது. சில வாரம் கனமான கூடை தூக்கக் கூடாது என்றார்கள். "காலிக் கூடை தூக்கலாமா?" என்று அம்மா அங்கேயே பேரம் பேச ஆரம்பித்தாள். ஐப்பசியில் மறுபரிசோதனைக்குப் போனோம். நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். தவறாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். அம்மா இப்போது பழையபடி ஏலத்தில் நின்று குரல் கொடுக்கிறாள்.

அந்த மறுபரிசோதனையிலிருந்து திரும்பி வரும் வழியில் அவள் ஒன்று சொன்னாள். அதை உங்களிடம் அப்படியே சொல்ல வேண்டும். "வெள்ளை நல்ல வாக்குதான்டி. ஆத்தா பொய் சொல்லல. 'காட்டிட்டேன், போய்ப் பாரு'ன்னு சொல்லிக்கீறா. நாந்தான் பாதி கேட்டுட்டு ஓடியாந்துட்டேன்." படித்தவள் என்று பேர், எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

நான் வேண்டியது எனக்காக. தெரிந்துகொள்ளும் ஆசையைக் கேட்டேன். கிடைத்தது. அந்த ஆசை இல்லாவிட்டால் அந்த நர்சம்மாவிடம் பாட்டிலைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டேன். வெள்ளைக்கு அங்கே என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரிந்திருக்காது. அம்மாவும் நானும் கைகோத்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்போம். என் ஆத்தாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்!

பயம் முழுதாகப் போய்விடவில்லை. இப்போதும் எங்காவது சுருக்கென்றால் மனது ஓடும். ஓடட்டும் என்று விட்டுவிட்டு, என்ன, எங்கே, எவ்வளவு நாளாக என்று கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் போகிறேன். பூ கேட்பதை நான் விடவில்லை. தம்பி முறையான ஒருவரின் படகுக்குப் போன வாரம்கூடக் கேட்டோம். உடம்புக்குள் பார்க்கிற வேலையை மட்டும் ஆத்தா வேறு சிலர் கையில் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று நம்புகிறேன்.

அக்காமார்களே, உங்களில் பலருக்கும் அந்தச் சீட்டு வந்திருக்கும். அலமாரியில் இருக்கும், அரிசி டப்பாவுக்குள் இருக்கும். வருகிற செவ்வாய் மீன்கடைப் பெண்கள் எட்டுப் பேரும் நானும் கிளம்புகிறோம். வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, காலை எட்டரை மணிக்குக் கோயில் வாசலில் இருப்போம். தேவி அக்காவும் வருகிறார். நீங்களும் வாருங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள். உள்ளே போகும்வரை கையைப் பிடித்துக்கொள்ள என் அம்மா இருப்பாள். மீன் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.